சிட்னியிலிருந்து நூசா வரை: முதுகுப்பையோடு போய் சர்ஃபிங் கற்றுக்கொள்ள முழு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு மூன்று நான்கு வாரம் ஒதுக்குகிறவர்களில் பெரும்பாலோர் போடும் திட்டம் ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு ஊர், ஊருக்கு இரண்டு இரவு, நடுவில் எங்காவது ஒரு சர்ஃபிங் வகுப்பு. ஊர்களைப் பார்த்த கணக்கு வரும், சர்ஃபிங் வராது. காரணம் எளிது. ஒரு கடற்கரையில் மணல்திட்டு எங்கே இருக்கிறது, எந்த ஓதத்தில் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தில்) அலை எங்கே உடைகிறது, நீர் எங்கே வெளியே இழுக்கிறது என்று புரியவே இரண்டு நாள் ஆகும். அது புரியும் நேரத்தில் பேருந்து ஏறிவிட்டால் அடுத்த ஊரில் மறுபடி முதலிலிருந்து. தோள்பட்டைக்கும் இதே கதைதான்: மூன்றாம் நாள் வலி உச்சத்தில் இருக்கும், ஐந்தாம் நாள்தான் துடுப்பு போடும் (போர்டில் படுத்துக் கையால் நீரைத் தள்ளும்) கைக்குப் பழக்கம் வரும்.

எனவே நான்கு ஊர் போதும். சிட்னியின் மேன்லியில் நான்கு நாள், கிரெசென்ட் ஹெட்டில் மூன்று நாள், பைரன் பே – லெனாக்ஸ் ஹெட் பகுதியில் குறைந்தது பத்து நாள், கடைசியில் நூசாவில் ஐந்து நாள். நாள் குறைவாக இருந்தால் ஊரைக் குறையுங்கள், பைரனில் தங்கும் நாளைக் குறைக்காதீர்கள்.

எப்போது போவது

இங்கே பருவங்கள் தலைகீழ்: டிசம்பர் கோடை, ஜூலை குளிர்காலம். கற்பவர்களுக்கு மார்ச் நடுவிலிருந்து மே வரை மிகவும் பொருத்தம். கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் ஆறியிருக்காது, பள்ளி விடுமுறைக் கூட்டமும் குறைந்திருக்கும், காலைக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஹாஸ்டல் கட்டிலே கிடைப்பது கடினம். நவம்பர் கடைசியில் பள்ளிப்படிப்பு முடித்த மாணவர்கள் கோல்ட் கோஸ்ட்டையும் பைரனையும் நிரப்பும் ‘ஸ்கூலீஸ்’ கொண்டாட்டம் வேறு. ஜனவரி முதல் மார்ச் வரை வடக்கே உருவாகும் புயல்கள் நூசாவுக்கு அருமையான அலையை அனுப்பும். ஆனால் அதே அலை புதியவர்களுக்குப் பெரிதாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் மேற்குக் காற்று கடலைச் சீராக்கி வைக்கும், ஜூனிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையோரம் கடந்து போவதும் தெரியும், தண்ணீர்தான் குளிரும். சிட்னியில் கடல் வெப்பநிலை குளிர்கால முடிவில் 18 டிகிரி அளவுக்கு இறங்கி, கோடை முடிவில் 23 டிகிரி வரை ஏறும். பைரனில் இரண்டு டிகிரி கூடுதலாக எதிர்பார்க்கலாம். 18 டிகிரி என்பது வங்கக்கடலில் குளித்துப் பழகிய உடம்புக்கு நடுக்கம் தரும் குளிர். உடம்பில் 3 மி.மீ., கையில் 2 மி.மீ. தடிமனுள்ள முழுநீள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) இல்லாமல் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது.

விமானம் ஏறுமுன்

முதலில் நீச்சல். கடலில் கால் நனைத்துப் பழகியதும் நீந்தத் தெரிந்ததும் ஒன்றல்ல. குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்தி, பிறகு ஐந்து நிமிடம் காலூன்றாமல் மிதக்க முடியவேண்டும். முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. காலையும் போர்டையும் இணைக்கும் லெக் ரோப் அறுந்தால் போர்டு கரைக்குப் போய்விடும், நீங்கள் நடுக்கடலில் தனியாக நிற்பீர்கள்.

அடிப்படையை ஊரிலேயே கற்றுப்போவதும் புத்திசாலித்தனம். சென்னையை அடுத்த கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்ஃப் பள்ளிகள் இருக்கின்றன, இலங்கையில் அறுகம்பே இருக்கிறது. நான்கைந்து நாள் அங்கே நுரை அலையில் (உடைந்து வெள்ளை நுரையாக வரும் அலை) எழுந்து நிற்கப் பழகிவிட்டால் ஆஸ்திரேலியாவில் அத்தனை டாலர் மிச்சம்.

விசா: சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் 600 வகை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ள 18 முதல் 30 வயதினருக்கு 2024 முதல் 462 வகை வேலை–விடுமுறை விசாவும் உண்டு. ஆண்டுக்கு 1000 இடம், குலுக்கல் முறையில். குலுக்கலில் பெயர் வந்தாலும் படிப்பு, ஆங்கிலத் தேர்வு, கையிருப்புப் பணம் என்று நிபந்தனைகள் இருக்கின்றன.

பையில் பருப்புப்பொடி, ஊறுகாய், கருவாடு எது இருந்தாலும் விமானத்தில் தரும் அறிவிப்புப் படிவத்தில் ‘உண்டு’ என்று குறித்துவிடுங்கள். குறித்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம்.

போர்டு: பெரிதாக, தடிமனாக, மலிவாக

ஊரிலிருந்து போர்டு தூக்கிப் போகவேண்டாம். கற்பவருக்கு வேண்டியது மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் 8 அடி நுரை போர்டு. இங்கே ‘ஃபோமி’ என்பார்கள். போர்டின் கொள்ளளவு லிட்டரில் எழுதியிருக்கும். உங்கள் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 70 கிலோ உள்ளவர் 6 அடி போர்டு எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தூக்க எளிது, பார்க்க அழகு, ஆனால் அலை பிடிக்காது.

வாடகை ஒரு நாளைக்கு சுமார் 25 முதல் 40 டாலர். இரண்டு வாரத்துக்கு மேல் தங்குபவர்கள் பழைய போர்டு வாங்குவதே மேல். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கம்ட்ரீ இரண்டிலும் 100 முதல் 250 டாலருக்குக் கிடைக்கும். வாங்கும்போது பார்க்கவேண்டியவை: தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா (உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது), மேல் நுரை அடிப்பலகையிலிருந்து பிரிந்து குமிழாக எழுகிறதா, அடியில் நீட்டியிருக்கும் மூன்று ஃபின்களும் ஆட்டமில்லாமல் இருக்கின்றனவா, லெக் ரோப் மாட்டும் குழிக்குள் விரிசல் உண்டா. லெக் ரோப் பழையதாக இருந்தால் யோசிக்காமல் புதிது வாங்கிவிடுங்கள், நீளம் போர்டின் நீளமே இருக்கவேண்டும். கால் வழுக்காமல் இருக்கப் போர்டில் தேய்க்கும் மெழுகை நீரின் வெப்பத்துக்கு ஏற்ற ரகமாகக் கேட்டு வாங்கவும். குளிர்நீர் மெழுகை வெப்பநீரில் தேய்த்தால் வழுவழுவென்று உருகிவிடும். போர்டை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெழுகு இருக்கைக்குப் போகும், நுரை போர்டு குமிழ் போடும்.

கடலைப் படிப்பது

எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதல் கால் மணி நேரம் மணலில் உட்கார்ந்து பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், மூன்று முதல் ஆறு பெரிய அலை, பிறகு சில நிமிட அமைதி. அமைதியான நேரத்தில் பார்த்துவிட்டு ‘சின்ன அலைதான்’ என்று இறங்குபவர்கள்தான் அடி வாங்குவது.

அடுத்து இழுவை நீரோட்டம். ‘ரிப்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கரைக்கு வந்து குவிந்த நீர் திரும்பிப் போகத் தோண்டிக்கொள்ளும் வாய்க்கால் அது. ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது, நீர் கருத்திருக்கும், மேலே சலசலப்பு தெரியும், நுரையும் மணலும் வெளிப்பக்கம் நகரும். புதியவர் கண்ணுக்கு அதுவே ‘அலையில்லாத பாதுகாப்பான இடம்’. சிட்னியின் பான்டாய் கடற்கரையில் தென்கோடியில் உள்ள ரிப்புக்கு ‘பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதில் ஏறிப் பயணம் போனவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. பான்டாயில் கற்கத்தான் வேண்டும் என்றால் வடகோடிக்குப் போங்கள். இந்தக் கரையில் உயிர் பறிப்பதில் சுறா ரிப்புக்குப் பக்கத்தில்கூட வராது.

ரிப்பில் மாட்டினால் போர்டை விடாதீர்கள், மேலே படுங்கள். கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில், வெள்ளை நுரை தெரியும் இடத்தை நோக்கித் துடுப்பு போடுங்கள். அங்கே அலை வந்து உங்களைக் கரைக்குத் தள்ளும். களைத்துவிட்டால் ஒரு கையை நேராக உயர்த்தி ஆட்டுங்கள். அவசர எண் 000.

கொடிகளும் தெரிந்திருக்கவேண்டும். சிவப்பு–மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிப்பவர்கள் மட்டும், கடினமான போர்டோடு அங்கே இறங்கக்கூடாது. நுரை போர்டுக்கும் உயிர்காப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு–வெள்ளைக் கட்டமிட்ட கொடி சர்ஃபிங் பகுதியின் எல்லை. ‘இன்று கற்பவருக்கு எந்த இடம் நல்லது’ என்று அவர்களிடம் கேட்பதில் வெட்கமே வேண்டாம், கையைக் காட்டிச் சொல்வார்கள்.

முன்னறிவிப்பைப் பார்க்கும்போது மூன்று எண்கள் போதும். அலை உயரம் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர். அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் 8 முதல் 11 விநாடி: 6 விநாடி என்றால் உள்ளூர்க் காற்று கிளப்பிய குழப்பமான அலை, 13க்கு மேல் என்றால் சின்னதாகத் தெரிந்தாலும் தள்ளுவிசை அதிகம். காற்று 15 கி.மீ. வேகத்துக்குள், முடிந்தால் மேற்கிலிருந்து. கோடையில் நண்பகலுக்குள் வடகிழக்குக் கடற்காற்று எழுந்து நீரைக் கலக்கிவிடும், அதனால் காலை 6 மணிக்கு இறங்கி 9 மணிக்கு ஏறிவிடுவது நல்லது. ஓதத்தில் நடுநிலையே கற்பவருக்கு ஏற்றது. நீர் நன்றாக வற்றிய நேரத்தில் அலை திட்டின் மேல் ஒரேயடியாக மடிந்து விழும். வானிலைத் துறையின் தளமும் உயிர்காப்புச் சங்கத்தின் ‘பீச்சேஃப்’ செயலியும் இலவசம்.

தண்ணீரில், வரிசையாக

முதல் வகுப்பைக் காசு கொடுத்தே எடுங்கள். இரண்டு மணி நேரக் குழு வகுப்பு சுமார் 70 முதல் 100 டாலர். இரண்டு மூன்று வகுப்புக்குப் பிறகு தனியே பழகலாம்.

எந்தக் கால் முன்னே என்று முதலில் தெரியவேண்டும். பின்னாலிருந்து ஒருவர் லேசாகத் தள்ளினால் எந்தக் காலை முன்வைத்துத் தாங்குகிறீர்களோ அதுவே முன்கால். இடது முன்னே என்றால் ‘ரெகுலர்’, வலது முன்னே என்றால் ‘கூஃபி’. லெக் ரோப் பின்காலின் கணுக்காலில்.

மணலில் போர்டை வைத்து (ஃபின்னுக்குக் குழி பறித்துவிட்டு) எழுந்து நிற்பதை முப்பது முறை செய்யுங்கள். உள்ளங்கைகள் கீழ்விலா எலும்புக்குப் பக்கத்தில், போர்டின் மேல் தட்டையாக. ஓரத்தைப் பிடித்தால் போர்டு சாயும். மார்பை உயர்த்தி, ஒரே தள்ளில் இடுப்பைத் தூக்கி, முன்காலை இரு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து வையுங்கள். முழங்கால் மடங்கி, பார்வை கரையில். முழங்காலூன்றி எழும் பழக்கத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், பிறகு மாற்ற வாரக்கணக்கில் ஆகும்.

தண்ணீருக்குள் போகும்போது போர்டு எப்போதும் உங்கள் பக்கவாட்டில், அதன் மூக்கு (முன்முனை) அலையை நோக்கி. உங்களுக்கும் அலைக்கும் நடுவே குறுக்காகப் போர்டு வந்தால் அது நேராக முகத்தில் அடிக்கும். பல்லும் மூக்கும் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். இடுப்பளவு நீரில் நின்று, கரை பக்கம் திருப்பி, ஏறிப் படுங்கள். போர்டின் மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் நாலு விரல் இருந்தால் படுத்த இடம் சரி. உடைந்த வெள்ளை நுரை இரண்டு மூன்று மீட்டர் பின்னால் வரும்போது துடுப்பு போடத் தொடங்குங்கள். தள்ளு கிடைத்ததும் அவசரப்படாமல் இன்னும் இரண்டு வீச்சு, அதன் பிறகுதான் எழவேண்டும்.

முதல் நாள் எழவே வேண்டாம். பத்து அலை வயிற்றில் படுத்தபடியே கரைவரை வாருங்கள், தோளைச் சாய்த்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஒரு வாரம் கழித்தும் தடுமாறுகிறார்கள்.

என்ன தவறுகிறது, ஏன்? போர்டின் மூக்கு நீரில் குத்தி நீங்கள் தலைகுப்புற விழுந்தால், முன்னே தள்ளிப் படுத்திருக்கிறீர்கள் அல்லது அலை மடியும் நேரத்தில் தாமதமாகப் புறப்பட்டிருக்கிறீர்கள். அலை உங்களைத் தாண்டிப் போனால், பின்னே தள்ளிப் படுத்திருக்கிறீர்கள். வால் அமிழ்ந்து பிரேக் போட்டதுபோல் இழுக்கிறது. எழுந்த உடனே முதுகுப் பக்கம் விழுந்தால் உடல் எடை பின்காலில். எழுந்த உடனே பக்கவாட்டில் விழுந்தால் கண் காலைப் பார்க்கிறது. எந்த விழுகையிலும் தட்டையாக, ஆழமில்லாததுபோல் விழுங்கள், தலைகீழாகப் பாய்வது கழுத்துக்கு ஆபத்து. மேலே வரும்போது இரு கையும் தலையைச் சுற்றி. லெக் ரோப்பை விரலில் சுற்றிப் பிடித்து இழுக்காதீர்கள்.

பத்து நுரை அலையில் ஏழில் எழுந்து நிற்க முடிகிற நாளில் உடையாத பச்சை அலைக்குப் போகலாம். பெரும்பாலோருக்கு அது ஆறேழு நாள். கப்பலைப்போல் மிதக்கும் 8 அடி போர்டை அலைக்கு அடியில் அமிழ்த்த முடியாது. எதிரே நுரை வந்தால் இரு ஓரத்தையும் இறுகப் பிடித்து, போர்டோடு கவிழ்ந்து அடியில் தொங்கி, நுரை போனதும் திரும்பப் புரளவேண்டும். போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு முங்குவது பின்னால் இருப்பவர் மண்டையில் போய் முடியும்.

அலையில் யாருக்கு உரிமை என்பது எழுதாத சட்டம்: உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் பின்வாங்கவேண்டும். வெளியே போகும்போது அலையில் வருபவரின் பாதையைச் சுற்றிப் போகவேண்டும். தவறிவிட்டால் உடனே கையுயர்த்தி மன்னிப்புக் கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

ஊர் ஊராக

தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தலைநிலத்தை (கடலுக்குள் நீட்டிய நிலமுனையை) சுற்றி வந்த மணல் அதன் வடபக்கத்தில் நீளத் திட்டாகப் படிகிறது. அதனால்தான் இந்தக் கரையின் பேர்பெற்ற இடங்கள் எல்லாம் தலைநிலத்தின் வடபக்கத்தில் இருக்கின்றன, அலையும் வலப்பக்கமாக நீளமாக உருள்கிறது. தெற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்த மூலைகள் மறைவாக இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே காலையில் எங்கே போவது என்ற கேள்வி பாதி தீர்ந்தது.

மேன்லிக்கு சிட்னியின் சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து படகில் அரை மணி நேரம். சின்ன அலை நாளில் தென்மூலை நல்லது. நான்கு நாளில் நுரை அலைப் பயிற்சியில் பெரும்பகுதி முடியும். பக்கத்து ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில்தான் 1914–15 கோடையில் ஹவாய் வீரர் டியூக் கஹானமோகு சர்ஃபிங் செய்து காட்டினார்.

கிரெசென்ட் ஹெட் சிட்னியிலிருந்து சுமார் 450 கி.மீ. அலை மெதுவானது, நீளமானது. முனையில் அனுபவசாலிகளை விட்டுவிட்டு உட்பக்கம் கரையருகே பழகுங்கள். கார் இல்லாவிட்டால் இந்த ஊரைத் தாண்டிவிடலாம், பொதுப் போக்குவரத்து மெலிவு.

பைரனில் மெயின் பீச்சும் கிளார்க்ஸ் பீச்சும் கற்பவருக்கு. பக்கத்திலுள்ள ‘தி பாஸ்’ என்ற அலைமுனை பார்க்க ஆசை காட்டும், ஆனால் ஒரே அலையில் ஆறு பேர் ஏறும் நெரிசல். அங்கே போக இரண்டாம் வாரம் ஆகட்டும், அதுவும் விடிகாலையில். டாலோ பீச் திறந்தவெளி, ரிப் அதிகம், வேண்டாம். பைரன் விலை கட்டுப்படியாகாவிட்டால் 20 கி.மீ. தெற்கே லெனாக்ஸ் ஹெட்டில் தங்குங்கள். அங்குள்ள செவன் மைல் பீச்சில் கூட்டம் பரந்து போய்விடும், பயந்து பயந்து எழவேண்டியதில்லை. லெனாக்ஸின் பாறைமுனை மட்டும் தேர்ந்தவர்களுக்கு. கடற்கரைக்குப் பக்கத்திலேயே தேநீர் நிறத்தில் ஐன்ஸ்வொர்த் நன்னீர் ஏரி இருக்கிறது, உப்பைக் கழுவ அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நூசா போகும் வழியில், மாநில எல்லையில் இருக்கும் கூலங்கட்டாவை ஒரு நாளில் பார்த்துவிட்டுப் போகலாம். ட்வீட் ஆற்று முகத்தில் சேரும் மணலைக் குழாய் வழியே வடக்கே கொட்டும் திட்டம் 2001இல் தொடங்கியபின் ஸ்னாப்பர் ராக்ஸிலிருந்து நீளும் ‘சூப்பர்பேங்க்’ மணல்திட்டு உருவானது. உலகத் தரப் போட்டியாளர்களின் இடம் அது, கரையிலிருந்து பார்ப்பதே நமக்குப் பாடம். கோடையில் இங்கே ஒரு சிக்கல்: அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நியூ சவுத் வேல்ஸ் கடிகாரம் குயின்ஸ்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னே. எல்லையில் ஒரே தெருவின் இரு பக்கமும் வேறு நேரம், பேருந்தைத் தவறவிடுவது சுலபம்.

நூசாவின் ஃபர்ஸ்ட் பாயின்ட் இந்தக் கரையிலேயே சாதுவான அலை. ஆனால் கிழக்கிலிருந்து அலை வராத வாரத்தில் கடல் ஏரிபோல் கிடக்கும், அப்போது தெற்கே சன்ஷைன் பீச்சுக்கு, கொடியருகே மட்டும். இன்னும் வடக்கே ஆக்னஸ் வாட்டர்தான் கடைசி சர்ஃபிங் ஊர். அதற்கப்பால் பெருந்தடுப்புப் பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுகிறது.

பயணம், படுக்கை, உடம்பு

சிட்னி–பைரன் சுமார் 770 கி.மீ., இரவுப் பேருந்தில் 12 மணி நேரத்துக்கு மேல். ரயில் பைரனுக்குப் போவதில்லை, கசீனோவில் இறங்கி இணைப்புப் பேருந்து பிடிக்கவேண்டும். 8 அடி போர்டைப் பேருந்தில் ஏற்றுவார்களா என்று சீட்டு எடுக்குமுன் கேளுங்கள். இதனால்தான் மூன்று நான்கு பேர் சேர்ந்து கார் எடுப்பது நல்லது. கூரையில் போர்டைக் கவிழ்த்து, ஃபின் மேலே தெரிய வைத்துக் கட்டுங்கள். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் வேகத்தில் ரீங்காரம் போடாது. இருட்டும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் கங்காரு குறுக்கே வரும், நீண்ட தூரத்தைப் பகலில் முடித்துவிடுங்கள்.

ஹாஸ்டல் பொதுக்கட்டில் பொதுவாக 35 முதல் 60 டாலர், பைரனில் அதற்கும் மேல். வேனில் தூங்குவது சுதந்திரமாகத் தோன்றும், ஆனால் பைரனில் தெருவோரம் நிறுத்தித் தூங்கினால் நகராட்சிக் காவலர் விடியுமுன் கண்ணாடியைத் தட்டி அபராதச் சீட்டுத் தருவார். தேசியப் பூங்கா முகாம்களை முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்யுங்கள்.

வெயில் கரிய தோலையும் சும்மா விடாது. எஸ்.பி.எஃப். 50+ பூச்சு, முகத்துக்கு துத்தநாகப் பசை, முழுக்கை ராஷ் வெஸ்ட் (நீரில் போடும் இறுக்கமான மேற்சட்டை). நுரை போர்டு வயிற்றையும் மார்பையும் தேய்த்துப் புண்ணாக்கும் என்பதாலும் ராஷ் வெஸ்ட் அவசியம். வடகிழக்குக் காற்று அடித்த மறுநாள் கரையில் நீலக் குமிழிகள் ஒதுங்கியிருந்தால் அவை புளூபாட்டில் என்ற கொட்டும் கடலுயிரி. கொட்டினால் இழைகளைக் களைந்து, கடல்நீரில் கழுவி, தாங்கக்கூடிய சுடுநீரில் 20 நிமிடம் வையுங்கள். வினிகர் இதற்கு அல்ல, அது வெப்பமண்டல வடக்கின் பெட்டி ஜெல்லிமீனுக்கு. சுறா பயத்துக்கு: மழை பெய்து கலங்கிய நீர், ஆற்று முகம், அந்திநேரம், தனியாக இறங்குவது இந்த நான்கையும் விடுங்கள்.

போர்டை நூசாவில் விற்க, ஊர் திரும்பும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே விளம்பரம் போடுங்கள். கடைசி நாளில் விற்பவரின் அவசரம் வாங்குபவருக்கு முதல் பேச்சிலேயே தெரிந்துவிடும். மெழுகைச் சுரண்டிக் கழுவி, லெக் ரோப்பையும் கூரைப் பட்டையையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிய விலையில் பாதியாவது கைக்கு வரும்.